கட்டுக்காரியும் கானூனி சுல்தானும்

ஊருக்கெல்லாம் தான் போட்ட ஒரு விதியைத் தன் மகளே மீறிவிட்டாள். அது வேறு யார் கண்ணிலும் படவில்லை, தன் கண்ணில் மட்டும்தான் பட்டிருக்கிறது. அப்போது ஒரு தாய் என்ன செய்ய வேண்டும்? என் மகள் வயிற்றில் இருந்தபோது என் முன்னால் வந்து நின்ற கேள்வி இது. அவள் இப்போது இரண்டாம் வகுப்பு முடிக்கப் போகிறாள். எனக்கு இன்னும் பதில் தெரியவில்லை.

அந்தத் தாய் ஜவ்வாது மலையில் எங்கள் பக்கத்து வீட்டில் இருந்தவர். இப்போதும் அங்கேதான் இருக்கிறார். பெயரை எழுத மாட்டேன். எழுதினால் கோபித்துக்கொள்ள மாட்டார், ஆனால் "என்னைக் கேட்டீங்களா?" என்று கேட்பார். கேட்காமல் செய்கிற எதுவும் அவருக்குப் பிடிக்காது. அவருக்கும் அவர் மகள் சந்தியாவுக்கும் (இதுவும் மாற்றிய பெயர்தான்) நடுவில் பேச்சு நின்றுபோனதற்குக் காரணம் நான் தின்ற ஒரு மடி புளி. அதனால்தான் இதை நான் எழுத வேண்டியிருக்கிறது.

கல்யாணமான புதிதில் என் கணவருக்கு ஜமுனாமரத்தூருக்குப் பக்கத்தில் ஒரு சிற்றூர் பள்ளிக்கூடத்தில் வேலை. பஸ்ஸை நம்பித் தினமும் மலை ஏறி இறங்க முடியாது என்று ஊரிலேயே வீடு எடுத்தோம். நான் வரலாறு படித்து பி.எட். முடித்திருந்தேன். வேலை கிடைக்கவில்லை, ஆசிரியர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். ஆனால் ஊர்க்காரர்கள் முதல் வாரத்திலிருந்தே என்னையும் டீச்சர் என்றுதான் கூப்பிட்டார்கள். எனக்குக் கூச்சமாக இருக்கும். ஒரு நாள் அந்தப் பக்கத்து வீட்டு அக்காவிடமே சொன்னேன்.

"அக்கா, நான் இன்னும் டீச்சர் ஆகலக்கா. அப்படிக் கூப்பிடாதீங்க."

"வாத்தியாரு பொண்டாட்டின்னு கூப்பிட்டா அது உங்க வூட்டுக்காரரு பேரு. டீச்சருன்னா உங்க பேரு. இன்னாத்துக்கு வேணாங்கிறீங்க? வேல வரப்ப வரட்டும்" என்றார்.

அவருக்கு அப்போது முப்பத்தைந்து வயதைத் தாண்டியிருக்கும். கறுத்து, ஒல்லியாக, நடக்கும்போது கைகளை வீசாமல் நடப்பார். கணவர் கூர்க் பக்கம் தோட்ட வேலைக்குப் போயிருந்தார், பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும் வருவார். சாமை விதைப்பது, ஆடு பார்ப்பது, மகளைப் படிக்க வைப்பது எல்லாம் இவர்தான். ஊருக்குப் பரம்பரையாக வந்த ஊர்க்கவுண்டர் ஒருவர் உண்டு, நல்ல மனிதர். ஆனால் வழக்கு என்று யாராவது வந்தால் அவர் முதலில் திரும்பிப் பார்ப்பது இவரைத்தான்.

அந்த ஊரில் விதிக்குக் கட்டு என்று பெயர். ஊரைச் சுற்றிப் பொதுவில் நிற்கிற புளியமரங்களுக்கு வருடா வருடம் கட்டு உண்டு. காய் பழுக்கத் தொடங்கும் தை மாதத்தில், சாமைத் தாளைத் திரித்துப் பிரி செய்து, அதாவது வைக்கோல் கயிறு மாதிரி ஒன்று, ஊர்முனையில் நிற்கும் முதல் மரத்தின் அடியில் சுற்றி முடிச்சுப் போடுவார்கள். அந்த ஒரு மரத்தில் கட்டினால் எல்லா மரத்துக்கும் கட்டியதாக அர்த்தம். பழம் நன்றாகக் காய்ந்து, உலுக்கினால் ஓடு கலகலவென்று சத்தம் போடும் வரை யாரும் துரட்டிக்கோலை எடுக்கக் கூடாது. பிறகு ஒரு நாள் ஊர் கூடி நாள் குறித்து, பிரியை அவிழ்ப்பார்கள். அதற்கப்புறம்தான் எல்லா வீடும் மரத்தடிக்குப் போகும்.

முன்பெல்லாம் கட்டு பெயருக்குத்தான் இருந்ததாம். ஆளுக்கொரு நாள் பாதி பழுத்த செங்காயாக உலுக்கி, கீழே இருந்து வருகிற வியாபாரி சொன்ன விலைக்குக் கொடுத்துவிடுவார்கள். ஒரு வருடம் இவர் பிரியைத் தன் கையால் திரித்து எடுத்துக்கொண்டு போய், "இந்த வருசம் நான் கட்டறேன். அவுக்கறதும் ஊரு சொல்லி நான்தான் அவுப்பேன்" என்றாராம். சும்மா சொல்லவில்லை. ஏற ஆள் இல்லாத வீட்டுக்கும் ஒரு மரம், ஒருவர் உலுக்கும் மரத்தில் இன்னொருவர் துரட்டி வைக்கக் கூடாது, புளியைத் தனித்தனியாக விற்காமல் ஊராகச் சேர்ந்து விற்பது என்று அங்கங்கே பேச்சாகக் கிடந்ததையெல்லாம் ஒன்றாகச் சேர்த்து ஊர் முன்னால் சொல்லி ஒத்துக்கொள்ள வைத்தார். அப்போதிருந்து ஊருக்குள் அவருக்குக் கட்டுக்காரி என்று பெயர்.

மலைக்குக் கீழே ஆலங்காயத்து மண்டிக்காரர்கள் வைத்த பெயர் வேறு. புளி மூட்டை ஏற்றிய வண்டியில் டிரைவருக்குப் பக்கத்தில், காதிலும் மூக்கிலும் கல் மின்ன இவர் வந்து இறங்குவதைப் பார்த்துப் புளி ராணி என்று வைத்திருந்தார்கள். ஒரு முறை நானும் கூடப் போயிருந்தேன். மண்டிக்காரர் நாற்காலியைத் துடைத்துப் போட்டு, "வாங்க ராணி, உக்காருங்க ராணி, ராணிக்கு ஒரு டீ" என்றார்.

இவர் உட்காரவில்லை. "ராணிங்கிறது இருக்கட்டும்ணா. தராச மொதல்ல வெறுமனே காட்டுங்க" என்றார்.

திரும்பி வரும்போது வண்டியில் சொன்னார்: "நம்மள பெரிசா கூப்புடறவன் நம்ம கம்மல பாக்கிறான் டீச்சர். நம்ம வேலய பாக்கல."

இதையெல்லாம் படிக்கிறவர்கள் அவரைக் கடுமையான பெண் என்று நினைத்துவிடக் கூடாது. மகளிர் குழுக் கூட்டத்துக்குத் தாமதமாக வருகிறவர் ஒரு பாட்டு பாட வேண்டும் என்று ஒரு கட்டு போட்டிருந்தார். ஒரு நாள் ஆடு தொலைந்து தேடப் போனதில் அவரே தாமதமாக வந்தார். யாரும் கேட்கும் முன்பே நடுவில் போய் நின்று தாலாட்டு ஒன்றைத் தொடங்கினார். குரல் அப்படி ஒரு குரல். இரண்டு அடி முடிந்ததும் எல்லோரும் சிரித்துச் சிரித்து, "போதும்க்கா, உக்காருக்கா, கூட்டமே வேணாம்" என்றார்கள். "முழுசா பாடணும்னுதான கட்டு" என்று கடைசி வரை பாடிவிட்டுத்தான் உட்கார்ந்தார். சந்தியா என் பக்கத்தில் இருந்தாள், எட்டாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தாள். காதைப் பொத்திக்கொண்டு, "எனக்கு இதப் பாடித்தான் தூங்க வச்சாங்களாம். பயந்துபோய் கண்ண மூடியிருப்பேன் டீச்சர்" என்றாள். அவர் மகளைப் பார்த்து முகத்தைக் கோணிக் காட்டினார். அப்போது அவர்கள் இருவரும் அப்படித்தான் இருந்தார்கள்.

நான் படிக்கும்போது அவர் புளி உடைக்க என் வாசலுக்கு வந்துவிடுவார். முந்தின வருடத்துப் புளி, வீட்டுக்கு வைத்தது. ஓட்டை நீக்கி, நாரை உருவி, கொட்டையை எடுப்பார். நான் வாய்விட்டுப் படித்தால் கேட்டுக்கொண்டிருப்பார். பட்டப்பெயர்களைப் பொருத்துக என்ற பகுதி எனக்கு எப்போதும் தகராறு. உஸ்மானிய சுல்தான் சுலைமானுக்கு என்ன பட்டம் என்று ஒவ்வொரு புத்தகத்தில் ஒவ்வொரு மாதிரி இருந்தது. ஒன்றில் மகத்தானவர், இன்னொன்றில் சட்டம் தந்தவர். தேர்வில் எதைக் குறிப்பது என்று தெரியாமல் இரண்டையும் மாற்றி மாற்றிச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

"ஒரு ஆளுக்கு ரெண்டு பேரா? யாரு அவரு?" என்றார்.

சொன்னேன். துருக்கி என்று இப்போது சொல்லும் நாட்டிலிருந்து ஆண்டவர், மூன்று கண்டங்களில் நிலம் இருந்தது, நம் பக்கம் முகலாயர்கள் வந்த காலத்தில் அங்கே அவர்.

"மகத்தானவருன்னு யாரு சொன்னது?"

அது எனக்குத் தெரியவில்லை. பரீட்சைக்கு அது வேண்டியதில்லை. ஆனால் அவர் கேட்டுவிட்டால் எனக்குத் தூக்கம் வராது. ஜமுனாமரத்தூர் நூலகத்தில் ஒரு பழைய உலக வரலாற்றுப் புத்தகம் கிடைத்தது. அடுத்த சந்தை நாளில் போய் எடுத்து வந்து படித்துச் சொன்னேன்.

மகத்தானவர் என்பது ஐரோப்பியர்கள் வைத்த பெயர். அவர்களுடைய தூதர்கள் வந்து பார்த்தது பட்டுக் கூடாரங்கள், ரத்தினம் பதித்த தலைப்பாகை, வரிசையாக நின்ற படை. அவருடைய சொந்த மக்கள் சொன்னது கானூனி. கானூன் என்றால் சட்டம், கானூனி என்றால் சட்டத்துக்குரியவர், சட்டம் தந்தவர். இஸ்லாமிய மார்க்கச் சட்டம் முன்பே இருந்தது, அதில் அவர் கை வைக்கவில்லை. நிலத்துக்கு வரி எவ்வளவு, எந்தக் குற்றத்துக்கு என்ன தண்டம், அதிகாரி குடியானவனிடம் எதைக் கேட்கலாம், எதைக் கேட்கக் கூடாது என்று முந்தைய சுல்தான்கள் அவ்வப்போது போட்டுவைத்த உத்தரவுகள் சிதறிக் கிடந்தன. அவற்றைத் தொகுத்து, முரண்களைக் களைந்து, புதியவை சேர்த்து ஒழுங்காக்கினார். அந்தச் சொல் துருக்கியில் பிறந்ததில்லை. அரபியிலிருந்து வந்தது, அரபிக்கு கிரேக்கத்திலிருந்து வந்தது. கிரேக்கத்தில் முதலில் அதற்கு நேரான கோல் என்று பொருள். அளப்பதற்கும், சுவர் கோணலாகப் போகிறதா என்று வைத்துப் பார்ப்பதற்கும் வைத்திருந்த கோல்.

கொட்டை எடுப்பதை நிறுத்திவிட்டுக் கேட்டார். பிறகு, "வெளியாளுக்குத் துணி தெரிஞ்சிது. உள்ளாளுக்குக் கோலு தெரிஞ்சிது" என்றார். மறுபடி ஒரு புளியைக் கையில் எடுத்துக்கொண்டே, "அவரு அந்தக் கோல தன் மேல வச்சுப் பாத்தாரா?" என்று கேட்டார்.

"அது போடல அக்கா."

"அதப் போட வேணாமா? அதான முக்கியம்" என்றார்.

அன்றிலிருந்து என் கணவர் அவரைக் கண்டால், "வணக்கம் கானூனி" என்பார். "வாத்தியாரே, வெளிய நிக்கிற செருப்ப வரிசையா வைங்க, அப்பால பட்டம் குடுங்க" என்பார் அவர். ஆனால் அந்தப் பெயர் அவருக்குப் பிடித்திருந்தது. ராணி என்றபோது சுருங்கிய முகம் இதற்குச் சுருங்கவில்லை.

அந்தத் தை மாதம் எனக்கு மசக்கை. சோறு வாசனை ஆகவில்லை. பல் துலக்கினால் குமட்டும். மனசு முழுக்கச் செங்காய்ப் புளி, அதுவும் மேல் ஓடு பழுப்பாகி உள்ளே பச்சையும் சிவப்புமாக இருக்கிற பதம், உப்பும் மிளகாய்த் தூளும் தொட்டு. கட்டு போட்டாகிவிட்டது. கர்ப்பிணிக்கு அதில் விலக்கு உண்டு என்று அப்போது எனக்குத் தெரியாது. வேண்டும் என்று வாய்விட்டுக் கேட்டால் போதும், கட்டுக்காரி பிரியை அவிழ்த்து, ஒரு கை பறித்துக் கொடுத்து, மறுபடி கட்டுவார். அந்த ஊரில் பிறந்த பெண்கள் சிரித்துக்கொண்டே கேட்பார்கள். நான் கேட்கக் கூச்சப்பட்டேன். படித்தவள், ஊரின் விதியை மதிக்க வேண்டியவள் என்று நினைத்துக்கொண்டேன். கணக்குக் கேட்டுக்கொள்ள வந்த சந்தியாவிடம் மட்டும் பேச்சோடு பேச்சாகச் சொன்னேன்.

மறுநாள் அவள் மடி நிறையக் கொண்டுவந்தாள். "கேட்டியா?" என்றேன். "உங்களுக்குத்தான டீச்சர், வயித்துப் புள்ளைக்கு. அதுக்குத் தடை இல்ல" என்றாள். நான் நம்பினேன். தின்றேன். இத்தனை ருசியான ஒன்றை அதற்கப்புறம் நான் தின்றதில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சந்தியா செய்தது என்னவென்றால், கட்டு இருக்கும்போது பறித்தால் தப்பு என்று நினைத்து, முதலில் மரத்திலிருந்து பிரியை அவிழ்த்திருக்கிறாள். பிறகு பறித்திருக்கிறாள். பறித்து முடித்ததும் இருந்த இடத்திலேயே திரும்பக் கட்டியிருக்கிறாள். கட்டை மீறக் கூடாது என்கிற மரியாதையில்தான் செய்தாள். ஆனால் அந்த ஊரில் கட்டோடு பறிப்பதைவிடப் பெரிய தப்பு, ஊரைக் கேட்காமல் கட்டை அவிழ்ப்பது. பறித்தவன் பசிக்குப் பறித்தான் என்று விடலாம், அவிழ்த்தவன் தன்னைத்தானே ஊராக நினைத்துக்கொண்டான் என்பார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை இதை எப்படி அறியும்? அறிந்திருக்க வேண்டுமோ, கட்டுக்காரியின் மகள் ஆயிற்றே என்றும் தோன்றும்.

மாலையில் ஆடு ஓட்டிக்கொண்டு வந்த அம்மா முடிச்சைப் பார்த்தார். தன் கை முடிச்சு இல்லை என்று அவருக்குத் தெரிந்தது. வேறு யாருக்கும் அது தெரிந்திருக்க முடியாது. வீட்டுக்கு வந்து மகளைக் கேட்டார், அவள் மறைக்காமல் சொன்னாள். அங்கேயே இரண்டு அடி அடித்து முடித்திருக்கலாம். நானாக இருந்தால் அதுதான் செய்திருப்பேன், அல்லது அதுகூடச் செய்யாமல் முடிச்சை மாற்றிக் கட்டிவிட்டு வந்திருப்பேன். அவர் மறுநாள் காலை ஊரைக் கூட்டினார்.

கோயில் முன்னால் எல்லோரும் வந்திருந்தார்கள். சந்தியாவை நடுவில் நிற்க வைத்து, "நீ செஞ்சத சொல்லு" என்றார். அவள் பள்ளிச் சீருடையில் நின்று சொன்னாள். யாராவது சிரிப்பார்களோ என்று பார்த்தேன். ஒருவரும் சிரிக்கவில்லை.

ஊர்க்கவுண்டர்தான் முதலில் பேசினார். "ஏம்மா, மசக்கக்காரிக்குக் குடுத்திருக்குது கொழந்த. இதுக்குப் போயி ஊர கூட்டுவியா? வுடு, பிரிய மறுபடி கட்டு, போலாம்."

"மாமா, போன வருசம் தெக்கு வூட்டுப் பையன் அவுத்தான். அவங்க வூட்ட அந்த வருசம் மரத்தடிக்கு விட்டமா?"

"அவன் விக்கறதுக்கு அவுத்தான்."

"அவுத்தது அவுத்ததுதான மாமா. அவன் அம்மா இதே எடத்துல அழுதுச்சி. நான்தான் கட்டு கட்டுதான்னு சொன்னேன்."

நான் எழுந்து நின்றேன். "எனக்காகத்தான் பறிச்சா. நான்தான் ஆசைப்பட்டேன். எனக்கு என்ன தண்டம் வேணாலும் போடுங்க" என்றேன்.

"நீங்க உக்காருங்க டீச்சர். உங்க மேல ஒண்ணும் இல்ல. நீங்க வாய்விட்டுக் கேட்டிருந்தா நானே பறிச்சிக் குடுத்திருப்பேன்" என்றார். குரலில் கோபம் இல்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

தெற்கு வீட்டுக்காரி, போன வருடம் அழுதவள், "எனக்கு மனசுல ஒண்ணும் இல்லக்கா. பொண்ண விட்டுடு" என்றாள். அவர் கேட்கவில்லை. அந்த வருடம் அவர்கள் வீடு மரத்தடிக்குப் போகக் கூடாது என்று அவர் வாயாலேயே சொன்னார். ஊர் கலைந்தது.

சந்தியா அழவில்லை. போகும்போது அம்மாவிடம் ஒன்றே ஒன்று கேட்டாள். "நீ சொல்லலன்னா யாருக்கும் தெரிஞ்சிருக்காது இல்ல?"

"தெரிஞ்சிருக்காது" என்றார் அவர்.

அவ்வளவுதான் பேச்சு. அந்த ஜூன் மாதம் சந்தியா தானாகவே விடுதி வேண்டும் என்று கேட்டு போளூரில் போய்ச் சேர்ந்தாள். விடுமுறைக்கு அத்தை வீட்டுக்குப் போனாள். கேட்டால் பதில் சொல்வாள், பணம் அனுப்பினால் வாங்கிக்கொள்வாள், அம்மா என்று கூப்பிட மாட்டாள். புளி நேரத்தில் ஊர்ப் பக்கம் வந்ததே இல்லை.

அவள் விடுதிக்குப் போன பிறகு ஒரு நாள் அவர் என் வாசலில் வந்து உட்கார்ந்தார். உடைக்க அந்த வருடம் புளி இல்லை. வெறும் கையோடு உட்கார்ந்திருந்தார்.

"டீச்சர், அந்த ராசா, கோலு வச்சவரு. அவருக்குப் புள்ளைங்க இருந்திச்சா?"

எனக்குப் பதில் தெரியும். நூலகப் புத்தகத்தில் அடுத்த பக்கத்திலேயே இருந்தது. அதைப் படித்ததிலிருந்து சொல்லாமல் இருந்தேன். இப்போது கேட்கிறாரே, பொய் சொல்வதா, உண்மை சொல்வதா என்று யோசித்தேன். அவரிடம் பொய் சொல்ல எனக்கு வரவில்லை.

"இருந்தாங்கக்கா. அடுத்து பட்டத்துக்கு வருவான்னு படையெல்லாம் நம்பிக்கிட்டிருந்த ஒரு மகன். அவன் தனக்கு எதிரா கிளம்பிட்டான்னு சந்தேகம் வந்து, அவரே கொல்லச் சொல்லிட்டார். நெசமாவே எதிரா இருந்தானான்னு இன்னிக்கும் சந்தேகம்தான். அப்புறம் இன்னொரு மகனும் அவர் சொல்லித்தான் செத்தான்."

"அந்தப் பட்டம் எப்ப வச்சாங்க? கோலுக்காரருன்னு. அவரு இருக்கறப்பவா?"

இதையும் படித்திருந்தேன். "இல்லக்கா. அவர் இருந்தபோது யாரும் அப்படிக் கூப்பிட்ட மாதிரி தெரியலையாம். செத்து ரொம்ப காலம் கழிச்சு, நாடு முன்ன மாதிரி இல்லன்னு நெனச்சவங்க, அந்தக் காலத்துல எல்லாம் ஒழுங்கா இருந்துச்சுன்னு பேசப்போகத்தான் அந்தப் பேரு பரவிச்சாம்."

"அப்ப அந்தப் பேர புள்ளைங்கள இழக்காதவங்க வச்சிருக்காங்க" என்றார். "செத்த பையன வைக்கச் சொல்லியிருந்தா வேற வச்சிருப்பான்."

எழுந்து போய்விட்டார். என் கணவரிடம் இனிமேல் அந்தப் பெயரைச் சொல்லாதீர்கள் என்று அன்று மாலையே சொன்னேன். அவர் அதற்கப்புறம் சொல்லவில்லை. ஊரில் கட்டுக்காரி என்பது மட்டும் நிற்கவில்லை. எப்படி நிற்கும்? அக்கா அன்று செய்ததற்கப்புறம் அந்தப் பெயர் இன்னும் உறுதியாகிவிட்டது. பக்கத்து ஊர்களில்கூட, பெத்த பொண்ணுக்கே விட்டுக் குடுக்காதவங்க என்று சொல்வார்கள். பாராட்டாகத்தான் சொல்வார்கள்.

என் மகள் பிறந்து, கணவருக்கு மாற்றல் வந்து, ஆலங்காயத்துக்கு இறங்கிவிட்டோம். எனக்கும் ஒரு தனியார் பள்ளியில் வேலை கிடைத்தது. இரண்டு வருடங்களுக்கு முன்பு, கட்டு அவிழ்க்கும் நாளன்று மகளோடு மலைக்குப் போனேன். அவர்தான் பிரியை அவிழ்த்தார். எல்லோரும் துரட்டியும் சாக்குமாக மரத்தடிக்கு ஓடினார்கள். அவர் வெளியே மேட்டில் நின்றார். களைப்பாக இருக்கும் என்று நினைத்தேன். கடைசி வரை அவர் இறங்கவில்லை. அவருக்கு ஒதுக்கிய மரத்தை வேறு ஒரு வீட்டுக்காரர்கள் உலுக்கினார்கள்.

"என்னக்கா, நீங்க போகல?"

"நான் அந்த வருசத்திலேர்ந்து மரத்தடிக்குப் போறதில்ல டீச்சர்."

"அது ஒரு வருஷத்துத் தண்டம்தானேக்கா."

"வூட்டுக்கு ஒரு வருசம். எனக்கு நான் போட்டுக்கிட்டது வேற."

யாருக்குத் தெரியும் என்று கேட்டேன். ஊரில் முட்டி வலி என்று சொல்லிவைத்திருக்கிறாராம். கணவருக்குக்கூடத் தெரியாது. கூர்க்கிலிருந்து வந்தால் அவர் பங்குக்கு அவர் போய் உலுக்குவார். எது வரைக்கும் என்று கேட்டேன். "அவ வந்து இந்த மரத்தடியில நிக்கற வரைக்கும்" என்றார்.

"அப்ப அவகிட்ட சொல்லிடலாமேக்கா. தெரிஞ்சா வந்துடுவா."

"சொல்லக் கூடாது. சொன்னா அவ எனக்காக வருவா. அப்பறம் அது எனக்கு நான் போட்ட கட்டு இல்ல, அவள இழுக்கறதுக்குப் போட்ட கயிறு. நீங்களும் சொல்லக் கூடாது டீச்சர். ஒத்துக்குங்க."

ஒத்துக்கொண்டேன். என் மகள் அப்போது என் கையை இழுத்து, "பெரியம்மா ஏம்மா வெளியவே நிக்கிறாங்க?" என்றாள். முட்டி வலி என்று அவளுக்கும் சொன்னேன்.

இதைப் பாசம் என்று நான் என் கணவரிடம் சொன்னபோது, அவர் இல்லை என்றார். "அது பிடிவாதம். அன்னிக்கும் பொண்ணக் கேக்காம முடிவு பண்ணாங்க. இன்னிக்கும் பொண்ணக் கேக்காமதான் முடிவு பண்றாங்க." அவர் சொல்வதும் சரியாக இருக்கிறது. ஆனால் அக்கா மட்டும் அன்று முடிச்சை மாற்றிக் கட்டியிருந்தால், அடுத்த வருடம் தெற்கு வீட்டுக்காரி எந்த முகத்தோடு கட்டுக்கு ஒத்துக்கொண்டிருப்பாள் என்றும் நினைக்கிறேன். அந்த ஊர்ப் புளிக்கு இன்று ஆலங்காயத்து மண்டியில் தனி மரியாதை. எடை குறைத்து வாங்க யாருக்கும் துணிவில்லை. அதற்கு ஒரு குழந்தை விலையா என்றால், எனக்குச் சொல்லத் தெரியவில்லை. வீட்டில் என் மகளுக்கு நான் ஒரு விதி சொல்லும்போதெல்லாம் பாதியில் என் குரல் இறங்கிவிடுகிறது. அவள் அதைக் கண்டுபிடித்துவிட்டாள், கொஞ்சம் காத்திருந்தால் அம்மா விட்டுவிடுவாள் என்று தெரிந்துவைத்திருக்கிறாள். இதுவும் சரியில்லை என்று எனக்குத் தெரியும்.

போன வாரம் சந்தியா வந்தாள். வேலூரில் செவிலியராக இருக்கிறாள். அம்மா மாதிரியே கையை வீசாமல் நடந்து வந்தாள். கூட வேலை பார்க்கும் பையனோடு கல்யாணம், பங்குனியில். இரண்டு வீட்டிலும் ஒத்துக்கொண்டார்கள், அப்பா கூர்க்கிலிருந்து வருகிறார். அம்மாவுக்கும் சொல்லியாகிவிட்டது, அத்தை மூலமாக.

"நீ போய்ச் சொல்லலயா சந்தியா?"

"ஊரு முன்னாடி என்ன நிக்க வச்சாங்க டீச்சர். ஊரு முன்னாடியே ஒரு வார்த்த சொல்லட்டும். தப்புன்னுகூட சொல்ல வேணாம். உனக்குக் கஷ்டமா இருந்துச்சான்னு ஒரு தடவ கேட்டாப் போதும்."

"அவங்களுக்கும் கஷ்டமாத்தாம்மா இருந்திருக்கும்."

"அவங்களுக்கா? அவங்க கட்டுக்காரி. அவங்களுக்கு இன்னா கஷ்டம்?"

எனக்கு நாக்கு வரைக்கும் வந்துவிட்டது. விழுங்கிக்கொண்டேன். என் மகள் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள்.

சந்தியா இந்த ஞாயிற்றுக்கிழமை மறுபடி வருகிறாள், கல்யாணப் பத்திரிகை அடித்து வந்துவிடும். எங்களுக்கு ஒன்று கொடுத்துவிட்டு, அவள் அம்மாவுக்கு உள்ளதையும் என் கையில் கொடுத்து, மலைக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிடச் சொல்லப் போகிறாள். பெற்ற தாய்க்கு, மகள் கல்யாணப் பத்திரிகையை நான் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

அந்தப் பத்திரிகையை வாங்கும்போது நான் வாயைத் திறக்கலாமா? மேட்டில் நிற்கிற அவள் அம்மாவைப் பற்றிச் சொன்னால், கொடுத்த வாக்கு போகும். அந்த அம்மாவைக் கேட்காமல் அவர் கட்டை அவிழ்த்தவள் ஆவேன். சொல்லாவிட்டால் அந்தப் பெண் இதை அறியாமலேயே தாலி கட்டிக்கொண்டு போய்விடுவாள். சொல்லாமல், சந்தியாவை எப்படியாவது பேசி என்னோடு மலைக்குக் கூட்டிப்போக வழி உண்டா? அல்லது நான் முதலில் தனியாக மேலே போய், வாக்கைத் திருப்பிக் கொடுங்கள் அக்கா என்று வாய்விட்டுக் கேட்டுவிடுவதா? கேட்டு அவர் மாட்டேன் என்றால், பிறகு நான் என்ன செய்வேன்?

படிக்கிறவர்களில் பெண்ணைப் பெற்றவர்கள் இருப்பீர்கள், அம்மாவிடம் பேசாமல் இருப்பவர்களும் இருப்பீர்கள். நான் இருவரிடமும் கேட்கிறேன். நீங்கள் சந்தியாவாக இருந்தால், இது உங்களிடம் சொல்லப்பட வேண்டும் என்று நினைப்பீர்களா? எனக்கு ஒரு வரி எழுதினால் போதும், ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால்.